காரல் சாறு, கருப்பட்டி, முருங்கைக் கீரை: வீட்டில் யாருக்கு எது?

உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவிக்குப் பிரசவமாகி மூன்று வாரம். அம்மாவுக்குப் பல வருடமாகச் சுகர், கூடவே பிரஷர். அப்பாவுக்குச் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடியிருப்பதாகப் போன மாதம்தான் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். பால் சுறா கொடு, காரல் சாறு கொடு, சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறு, தினமும் இளநீர் கொடு, முருங்கைக் கீரையை விடாதே என்று. "இதெல்லாம் உண்மையிலேயே உடம்புக்கு நல்லதா, சும்மா நம்பிக்கையா? இங்கிருந்து மஞ்சள் மாத்திரை, முருங்கைப் பொடி வாங்கி அனுப்பட்டுமா?" என்பது அவர் கேள்வி.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பட்டியலில் ஒன்றைத் தவிர வேறு எதையும் கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். சிக்கல் எங்கே வருகிறதென்றால், "உடம்புக்கு நல்லது" என்று ஒன்றைக் கேள்விப்பட்டதும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் அதையே ஊற்றிக் கொடுப்பதில்தான். உங்கள் மனைவிக்கு நல்லதான முருங்கைக் கீரையே உங்கள் அப்பாவுக்கு அப்படியே ஆகாது. அதனால் பொருள்வாரியாகச் சொல்லாமல் ஆள்வாரியாகச் சொல்கிறேன்.

முதலில் பிள்ளை பெற்றவள். நம் பக்கத்தில் பிரசவ வீடு என்றாலே காரல் வாங்கி வா என்பார்கள். பாக் நீரிணைப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் மலிவாகக் கிடைக்கிற பொடி மீன். உள்ளங்கை அளவு வந்தாலே பெரிது, உடம்பெல்லாம் முள். வெளியூர்க்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மேலே வழுவழுவென்று இருக்கும், கல் உப்புப் போட்டு நாலு தடவை அலசினால்தான் போகும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, மஞ்சள் சேர்த்து, புளி பேருக்குக் கொஞ்சம் கரைத்து ஊற்றி, மீன் கரைகிற வரைக்கும் சிறு தீயில் கொதிக்க விடுவார்கள். அப்புறம் முள் ஒன்றுகூடப் போகாமல் வடிகட்டி, குழைந்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுப்பது. பத்தியம் என்ற பெயரில் நம் பாட்டிமார் கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செரிக்கச் சுலபமான புரதம், கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கிண்ணம் திரவம், மூன்றும் ஒரே வாய்க்குள் போகிறது.

ஆனால் காரல் குடித்ததால் பால் ஊறியது என்று சொல்ல முடியாது. பால் ஊறுவது பிள்ளை சப்புவதால். பிள்ளை வாய் வைக்க வைக்க மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கும், அது பாலைக் கொண்டுவரும். மார்பு காலியாகக் காலியாகத்தான் நிறையும். பூண்டும் வெந்தயமும் பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, சாப்பாட்டில் சேர்ப்பதால் கெடுதலும் கிடையாது. இரவில் பிள்ளையைத் தூக்கி மாமியார் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தாய் தூங்கட்டும் என்று பாட்டிலில் கரைத்துக் கொடுக்கிற வீட்டில் கூடை கூடையாகக் காரல் சமைத்தாலும் பால் குறையத்தான் செய்யும்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துகிற விஷயம் தண்ணீர். பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி, நாளுக்கு இரண்டு டம்ளர் அளந்து கொடுக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. ராமநாதபுரத்து வெயிலில் பாலும் கொடுத்துக்கொண்டு இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒருத்தி எப்படி இருப்பாள்? மூன்றாம் நாள் மலச்சிக்கல், அடுத்து நீர்க்கடுப்பு, காய்ச்சல். தம்பி, நீங்கள் அடுத்த தடவை போன் போடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய்?" என்பதுதான். தாகத்துக்குத் தடை போடாமல், ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். சீரகத் தண்ணீர், சுக்குத் தண்ணீர், கஞ்சி எதுவானாலும் சரி.

பட்டியலில் ஒன்றைத் தவிர என்றேனே, அது பால் சுறா. சுறாப் புட்டு ருசியை நான் குறை சொல்லவில்லை. சுறா மற்ற மீனைத் தின்று பல வருடம் வாழ்கிற மீன். கடலில் இருக்கிற பாதரசம் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போய்ப் போய் அதன் சதையில் சேர்ந்துகொண்டே இருக்கும். வேக வைத்தாலும் போகாது. பாதரசம் குறிப்பாகக் கெடுப்பது வளரும் மூளையை. அதனால்தான் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பால் சுறா சின்னது, அதில் பாதரசம் குறைவாக இருக்கலாமே என்று வாதாடலாம். சந்தையில் துண்டு போட்டு விற்கிறபோது எது குட்டி, எது பெரியது என்று யாருக்குத் தெரியும்? போதாததற்குச் சில சுறா இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காரல், நெத்திலி, மத்தி என்று பொடி மீன் இருக்கிற ஊரில் சுறாவைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

முருங்கைக் கீரை விஷயத்துக்கு வருவோம். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. நம் ஊர்ப் பெண்கள் அதற்கு விதிவிலக்கு இல்லை. முருங்கையில் இரும்புச் சத்து இருக்கிறது, ஆனால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான். அதைக் கூட்ட வேண்டுமானால் இறக்கி வைத்தபின் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது கூடவே ஒரு நெல்லிக்காய். அதே சாப்பாட்டோடு மீனோ கறியோ இருந்தாலும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி போச்சு, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டு, "அதான் கீரை சாப்பிடுகிறாளே" என்று சொல்லாதீர்கள். மலம் கறுக்கிறது என்று பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கறுக்கத்தான் செய்யும், அது பரவாயில்லை.

பிரசவ லேகியம் நெல்லிக்காயளவு சாப்பிடட்டும், சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று வீட்டில் கிண்டியதாக இருந்தால். பெயர் தெரியாத பொட்டலத்தில் உலோகம், தாது சுட்ட பொடிகளான பற்பம், செந்தூரம் கலந்து வந்தால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டாமல் வேண்டவே வேண்டாம். பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும்.

பிள்ளைக்கு? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தடவுவது நம்மிடம் ஆழமாக ஊறிப்போன வழக்கம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிள்ளை மூச்சுவிடவே சிரமப்படும். அதே தேன் ஒரு வயது தாண்டிய பிள்ளையின் இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு கரண்டி கொடுத்தால் நன்றாகவே கேட்கும், இதற்கு ஆய்வு ஆதாரமே உண்டு.

இனி அம்மா. சுகர்காரர் வீடுகளில் நான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன காட்சி, சீனி டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை மூன்று வேளையும் தெம்பாகக் குடிப்பது. சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் போனால் தெரியும், பனையேறுபவர் காலையும் மாலையும் மரம் ஏறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவார். பதநீர் புளிக்காமல் இருக்கத்தான் அந்தச் சுண்ணாம்பு. அதைப் பெரிய சட்டியில் ஊற்றி, மட்டையும் ஓலையும் எரித்து மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பார்கள். அவ்வளவு பாடுபட்டு வெளியேற்றுவது தண்ணீரை மட்டும்தான், இனிப்பு அப்படியே தங்குகிறது. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சர்க்கரை. கடைச் சீனியும் அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் உண்டு, மணம் உண்டு, சீனியைவிட எனக்கும் அதுதான் பிடிக்கும். சுகர் ஏற்றுவதில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பதநீரும் அப்படியே. அதில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை, ஒரு டம்ளர் குடித்தால் நாலைந்து தேக்கரண்டி சீனி போட்ட கணக்கு. மனைவி கருப்பட்டி சாப்பிடலாம். அம்மா சாப்பிட்டால் அதைச் சீனி என்றே எண்ணிக் கணக்கு வைக்க வேண்டும். பேச்சோடு பேச்சாக ஒன்று: சீனி கலந்த கருப்பட்டி ஊரெல்லாம் ஓடுகிறது. சீனி விலைக்குக் கொஞ்சம் மேலே ஒருவர் கருப்பட்டி தருகிறார் என்றால், காய்ச்சுகிற கூலிக்கே கட்டாத அந்த விலையை நம்பாதீர்கள்.

பனையிலேயே அம்மாவுக்கு ஏற்றது நுங்கு. இளசாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர், இனிப்புக் குறைவு. பனங்கிழங்கில் நார் நிறைய, மாவுச் சத்தும் நிறைய. தை மாதம் மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுத் தும்பை உருவி எறிந்துவிட்டு ஒன்று சாப்பிடலாம், அன்றைக்குச் சோற்றில் ஒரு அகப்பை குறைத்துக்கொள்ள வேண்டும். சோற்றைக் குறைக்காமல் கிழங்கு, கேழ்வரகு, குதிரைவாலி என்று மேலே மேலே சேர்ப்பதுதான் இந்தச் "சத்தான உணவு" மோகத்தில் நடக்கிற பெரிய கூத்து.

கருவாடு அம்மாவின் பிரஷருக்கு எதிரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் என்கிறது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில் அதைக் காலையிலேயே தாண்டிவிடுவோம். விட முடியாது என்றால், வெந்நீரில் ஊற வைத்து இரண்டு தடவை நீரை மாற்றி, குழம்பில் தனியாக உப்பே போடாமல், மாதத்துக்கு ஒரு முறை. அதற்குப் பதில் பச்சை மத்தி இருக்கவே இருக்கிறது. ஒமேகா 3, வைட்டமின் டி, பி12, முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்து எல்லாம் ஏழை வீட்டு விலையில் கிடைக்கிற மீன். பொரிக்காமல் குழம்பாகவோ அவித்தோ. ஐஸ் படாமல் வெயிலில் கிடந்த மத்தியை மட்டும் வாங்காதீர்கள். அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகிவிடும், எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி வரும். "மீன் எனக்கு ஒத்துக்காது" என்று பலர் சொல்வது பல சமயம் மீன் ஒத்துக்காததால் இல்லை, மீன் கெட்டிருந்ததால்.

பழைய சோறும் நீராகாரமும் கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி புளித்த சோற்றில் குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. குடல் அழற்சிக்காரர்களுக்கு இது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆய்வே எடுத்துச் செய்தார்கள். வெயிலில் வலை இழுக்கிறவருக்கும், பாசி எடுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பெண்ணுக்கும் இதைவிட நல்ல காலை உணவு எனக்குத் தெரியாது. ஊற்றுகிற தண்ணீர் காய்ச்சி ஆற வைத்ததாக இருக்க வேண்டும், நம் ஊர்க் குடத்துத் தண்ணீரை நான் நம்புவதில்லை. உங்கள் அம்மாவுக்கு? நீராகாரம் ஒரு டம்ளர், சோறு கையளவு. புளித்தாலும் அரிசி அரிசிதான்.

அப்பா விஷயம்தான் எனக்குக் கவலை. கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்றால் சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது உடம்பில் பொட்டாசியம் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும், முன்கூட்டி எந்த வலியும் காட்டாது. ஒரு இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். "உடம்புச் சூட்டுக்கு" என்று தினம் இரண்டு இளநீர், அதோடு முருங்கைக் கீரை, வாழைத்தண்டுச் சாறு என்று அன்பாகக் கொடுத்துக் கொடுத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்களை எனக்குத் தெரியும். வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்பார்கள். கல் வேறு, கிரியாட்டினின் வேறு. கல்லுக்குமே முதல் மருந்து போதுமான தண்ணீர்தான், அப்பாவுக்கு அந்தத் தண்ணீரின் அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆகவே இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து, டாக்டர் சரி என்று சொல்லும்வரை இளநீரை நிறுத்துங்கள். கீரை வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாக. பிரஷருக்கு நல்லது என்று விற்கிற குறைந்த சோடியம் உப்பு அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்தால் அது அப்பா தட்டுக்குப் போகவே கூடாது. சோடியத்துக்குப் பதில் அதில் போட்டிருப்பது பொட்டாசியம்.

அப்பா கடலுக்குப் போய்வந்தவர் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். முதுகு வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை உண்டா என்று. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் எந்தச் சாப்பாடும் அதற்குப் பக்கத்தில் வராது.

மீதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்டு ரசம் சளியைக் குணமாக்காது, ஆனால் மிளகும் ஆவியும் மூக்கைத் திறந்துவிடும், வாய்க்கும் வேண்டியிருக்கும். இழுப்பு இருக்கிறவர்களுக்கு நண்டு, இறால் ஒவ்வாமை உண்டா என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். இஞ்சி குமட்டலுக்கு நிஜமாகவே கேட்கும். வயிற்றுப்போக்குக்கு இளநீரை மட்டும் நம்ப வேண்டாம், அதில் சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் தலை தட்டி ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கீழக்கரைப் பக்கம் நோன்பு திறக்கச் செய்கிற கடல்பாசி வயிற்றை இளக்கும் நல்ல நார்ச் சத்து, அதில் கொட்டுகிற சீனியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரண்டைத் துவையல் எலும்பை ஒட்டவைக்கும் என்பதை நான் வாக்குக் கொடுத்துச் சொல்ல மாட்டேன். நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரைத்தால் நாக்கு அரிக்காது, ருசிக்கே சாப்பிடலாம்.

கடலோரத்தில் இருக்கிறோம், கல் உப்பு சாப்பிடுகிறோம், நமக்கு அயோடின் குறையாது என்று ஒரு தைரியம் நம்மிடம் உண்டு. வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறதே என்பார்கள். உப்பளத்தில் விளைகிற உப்பில் தானாக இருக்கும் அயோடின் சொற்பம், அதனால்தான் தனியாகச் சேர்க்கிறார்கள். கர்ப்பிணியும் பால் கொடுப்பவளும் இருக்கிற வீட்டில் அயோடின் சேர்த்த உப்புதான் வேண்டும். தைராய்டு டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி.

கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை இரத்தம் என்று காதோடு காதாக யாராவது மருந்து சொன்னால் அங்கேயே முடித்துவிடுங்கள். குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பிடித்தால் ஜெயில். கடல் அட்டைக்கு 2001 முதலே தடை.

கடைசியாக நீங்கள் அனுப்பக் கேட்ட பொருள்கள். மஞ்சளைச் சமையலில் போடுவது வேறு, சத்தைப் பிரித்து மிளகுச் சாற்றோடு அடைத்த மாத்திரை வேறு. அது அளவு மீறி ஈரலைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. மஞ்சளில் சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் அதிகம், சிறுநீரகம் சோர்ந்த உங்கள் அப்பாவுக்கு அது தேவையே இல்லை. முருங்கைப் பொடியும் அப்படித்தான், காய்ந்து சுருங்கிய கீரை என்பதால் ஒரு கரண்டிக்குள் பொட்டாசியம் நெருக்கிக் கிடக்கும். வேலியில் மரம் இருக்கிற வீட்டுக்குக் கப்பல் ஏற்றி முருங்கை அனுப்புவானேன்? அந்தக் காசுக்குப் பிரஷர் பார்க்கிற கருவி ஒன்றும், சுகர் பார்க்கிற கருவி ஒன்றும் வாங்கி அனுப்புங்கள். பிரஷர் கருவி மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம், மேல்கையில் கட்டுகிறதாகப் பாருங்கள். சுகர் கருவிக்கான ஸ்ட்ரிப் ராமநாதபுரத்திலேயே கிடைக்கிற கம்பெனியா என்று வீட்டில் விசாரித்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் முதல் டப்பா தீர்ந்ததும் கருவி அலமாரிக்குப் போய்விடும்.